எடை குறைந்த லேப்டாப், அளவான பட்ஜெட், சரியான பிராசசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோளில் மாட்டிக்கொண்டு தினமும் அலைய வேண்டும், கனக்கக் கூடாது. திறந்தவுடன் வேலை நடக்க வேண்டும், திணறக் கூடாது. விலையும் கையைக் கடிக்கக் கூடாது. லேப்டாப் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் சேர்த்தேதான் கேட்கிறார்கள். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கவே செய்யும். அதற்கு லேப்டாப்பின்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு நின்றுவிடாமல், அதன் மூளையான பிராசசரின் முழுப் பெயரையும் படிக்க வேண்டும். அதில் மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். படிப்பு, எழுத்து, அலுவலக வேலை, கோடிங், ஆன்லைன் மீட்டிங் என்ற வட்டத்துக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. கனமான கேம், பெரிய வீடியோ எடிட்டிங் என்றால் கணக்கே வேறு.

எத்தனை கிலோ இருந்தால் "எடை குறைந்த லேப்டாப்" என்று சொல்லலாம்?

14 அங்குலத் திரை உள்ளதில் 1.4 கிலோவும் அதற்குக் கீழேயும் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். 15.6 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1.6 கிலோவைத் தாண்டிவிடும். 1 கிலோவுக்குக் கீழேயும் லேப்டாப்புகள் உண்டு. ஆனால் மக்னீசியம் கலவை உடல், நெருக்கிக் கட்டிய உள்ளமைப்பு என்று அந்தக் கடைசி 300 கிராமைக் குறைக்கத்தான் விலை எகிறுகிறது. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் 1.2 முதல் 1.4 கிலோ வரை தேடுங்கள்.

300, 400 கிராமில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். கடையில் ஒரு நிமிடம் கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவும் தெரியாது. தினமும் எடுத்துப்போகும் பையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பாருங்கள், மாலையில் தோள் சொல்லும். இன்னொன்று, விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது. பழைய மாதிரிக் கட்டிச் சார்ஜரும் கயிறும் சேர்ந்து 300, 400 கிராம் வந்துவிடும். யூஎஸ்பி டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலாக இருந்தால் கைக்கு அடக்கமான 65 வாட் சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும். எடை குறைந்த லேப்டாப் தேடுபவர்கள் இதை முதல் வடிகட்டியாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஐ3, ஐ5, ஐ7... எண் பெரிதானால் வேகமும் அதிகம்தானே?

ஒரே வருடத்தில், ஒரே வகையில் வந்தவற்றுக்குள் ஒப்பிட்டால் ஓரளவுக்கு அப்படித்தான். அதைத் தாண்டி அந்த எண்ணை நம்ப முடியாது.

இந்த ஐ வரிசையைச் செய்யும் இன்டெல் நிறுவனத்தின் 12ஆம் தலைமுறையையே எடுத்துக்கொள்வோம். கோர் ஐ7-1255யு என்று ஒன்று, கோர் ஐ5-1235யு என்று ஒன்று. பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிதான் கோர்; பெரியது வேகத்துக்கு, சிறியது மின்சாரத்தை மிச்சப்படுத்த. இரண்டிலும் 2 பெரிய கோர், 8 சிறிய கோர், ஆக மொத்தம் 10. பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷின் அளவும் ஒன்றுதான், 12 எம்பி. உச்ச வேகத்தில் ஐ7 4.7 கிகாஹெர்ட்ஸ், ஐ5 4.4. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸில் ஐ7 கொஞ்சம் பெரியது. பிரவுசர், எக்செல், மீட்டிங் என்று ஓடும் நாளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. ஆனால் விலையில் நன்றாகவே படும்.

இப்போது அதே தலைமுறையின் ஐ5-1240பி. இதில் 4 பெரிய கோர், 8 சிறிய கோர். அதாவது பெயரில் ஐ5 ஆக இருந்தாலும் மேலே சொன்ன ஐ7-ஐ விடக் கோர் அதிகம். ஸ்டிக்கரை மட்டும் பார்ப்பவர் இதை விட்டுவிட்டு அதை எடுப்பார், பணமும் கூடக் கொடுப்பார்.

பெயரின் கடைசியில் வரும் யு, பி, ஹெச் என்ன சொல்கின்றன?

அந்தப் பிராசசர் எவ்வளவு மின்சாரத்தைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்பதை. இன்டெலில் யு என்றால் பெரும்பாலும் 15 வாட், பி என்றால் 28 வாட், ஹெச் என்றால் 45 வாட். 12, 13ஆம் தலைமுறைகளில்தான் பி வரும்.

எடை குறைந்த லேப்டாப்புக்கு யு தான் பொருத்தம். சூடு குறைவு, ஃபேன் சத்தம் குறைவு, பேட்டரி தாங்கும். கோடிங் செய்பவர்கள் பி எழுத்தையும் பரிசீலிக்கலாம், பேட்டரியில் கொஞ்சம் இழப்பார்கள். ஹெச் பிராசசரை மெல்லிய உடலுக்குள் திணித்த லேப்டாப்பைப் பட்ஜெட்டில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தச் சூட்டைத் தணிக்கும் நல்ல கூலிங் அமைப்புக்குச் செலவாகும். விலையைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவதும் பெரும்பாலும் அதில்தான்.

ரைசன் வாங்கலாமா? அதன் எண்களைப் படிக்கத் தலை சுற்றுகிறதே.

இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர் அது, தாராளமாக வாங்கலாம். சில விலைகளில் ரைசன்தான் என் முதல் தேர்வு. ஆனால் எண்ணைப் படிக்காமல் வாங்கவே கூடாத இடமும் இதுதான்.

2022 செப்டம்பரில் ஏஎம்டி ஒரு பெயரிடும் முறையை அறிவித்தது. 7000 வரிசை லேப்டாப் பிராசசர்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் "ஜென்" என்ற வடிவமைப்பு எத்தனையாவது தலைமுறை என்று சொல்லும். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2, ஆகவே உள்ளே இருப்பது ஜென் 2. அது 2019இல் வந்த வடிவமைப்பு. ரைசன் 5 7530யு என்றால் ஜென் 3. 7540யு என்றால் ஜென் 4. மூன்றுமே ரைசன் 5, மூன்றுமே 7000 வரிசை, ஆனால் தலைமுறை மூன்று.

வித்தியாசம் தலைமுறையோடு நிற்கவில்லை. 7520யு-வில் 4 கோர், 7530யு-வில் 6 கோர். 7520யு-வின் ரேம் (ஓடும் வேலைகளைப் பிடித்து வைக்கும் தற்காலிக நினைவகம்) எல்பிடிடிஆர்5 வகை மட்டுமே, அதாவது போர்டிலேயே பற்றவைத்து வருவது, பிறகு கூட்ட முடியாது. வெறும் 10 வித்தியாசம் உள்ள இரண்டு எண்களுக்கு இடையே இவ்வளவு இருக்கிறது. ஆன்லைனில் "ரைசன் 5, 7000 சீரிஸ்" என்று மட்டும் போட்டு, முழு எண்ணைக் கீழே எங்கோ ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். கீழே இறங்கித் தேடிப் படியுங்கள். 7520யு மோசமான பிராசசர் இல்லை. எழுத்து வேலைக்கும் பிரவுசருக்கும் போதும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். 7530யு-வின் விலையைக் கொடுத்து அதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய தலைமுறை வாங்கினால் ஏமாந்துபோவோமா?

பெரும்பாலும் லாபம்தான். 2022இன் ஐ5-1235யு, 2023இன் ஐ5-1335யு, 2024இல் பெயரில் "ஐ" எழுத்தை விட்டுவிட்டு வந்த கோர் 5 120யு, மூன்றிலும் 2 பெரிய கோர், 8 சிறிய கோர் என்ற அதே அமைப்பு. உச்ச வேகம்தான் 4.4, 4.6, 5.0 கிகாஹெர்ட்ஸ் என்று படிப்படியாக ஏறியிருக்கிறது. புது மாடல் வந்ததும் முந்தைய மாடலின் விலை இறங்கும். அந்த நேரத்தில் வாங்கி, மிச்சமான பணத்தை ரேமில் போடுவதுதான் பட்ஜெட்காரர்களுக்கு நல்ல வழி.

ஐ3 போதுமா?

12ஆம் தலைமுறை ஐ3-1215யு, அல்லது அதற்குப் பின் வந்தவை என்றால் போதும். 2 பெரிய கோர், 4 சிறிய கோர். மாணவர்களுக்கும் அலுவலக வேலைக்கும் மனதாரச் சொல்வேன்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. ஐ3-என்305 என்பதும் ஐ3 தான், ஆனால் அதில் 8 சிறிய கோர்கள் மட்டும், பெரிய கோர் ஒன்றுகூடக் கிடையாது. அதன் தம்பி என்100, 2023இல் வந்தது, 4 சிறிய கோர். மிக மலிவு, 6 வாட்தான், சூடே ஆகாது. ஒருவர் தட்டச்சு செய்யவும் படிக்கவும் மட்டும் என்றால் அதையும் எடுக்கலாம். ஒரே நேரத்தில் நாலைந்து வேலை செய்பவருக்குச் சரிவராது. செலரான் என்4020 போன்ற இரண்டே கோர் உள்ளவற்றை இன்றைக்கு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

8 ஜிபி ரேம் போதுமா, 16 வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 16 வாங்குங்கள். அதற்காகப் பிராசசரில் ஒரு படி இறங்க வேண்டி வந்தாலும் இறங்குங்கள்.

என் தங்கைக்கு முதல் லேப்டாப் வாங்கியபோது நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஐ7, 8 ஜிபி, மெல்லியது, அழகானது. ஒரு வருடத்துக்குள் "அண்ணா, ஹேங் ஆகுது" என்று போன் வரத் தொடங்கியது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, எது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். வீடியோ மீட்டிங் ஒன்று, பிரவுசரில் இருபது டேப், ஒரு வேர்டு கோப்பு. பிராசசர் 14 சதவீதத்தில் இருந்தது. ரேம் 93 சதவீதம். ஐ7 வேலையில்லாமல் காத்துக்கொண்டிருக்க, ரேம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. டேப் மாற்றும்போதெல்லாம் வெள்ளைத் திரை இரண்டு விநாடி நின்று, பிறகுதான் பக்கம் வந்தது. சரி, ரேம் கூட்டிவிடலாம் என்று பின்மூடியைக் கழற்றினால் ரேம் செருகும் ஸ்லாட்டே இல்லை. எல்லாம் போர்டோடு பற்றவைத்தது. அவள் படிப்பு முடியும்வரை அதையேதான் வைத்துக்கொண்டு சமாளித்தாள்.

மெல்லிய லேப்டாப்புகளில் இதுதான் பெரிய சங்கடம். கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றலாம், பேட்டரியையும் மாற்றலாம், பற்றவைத்த ரேமை மாற்ற முடியாது. ஸ்பெக்கில் எல்பிடிடிஆர் என்று எல் எழுத்தோடு தொடங்கினாலோ, "ஆன்போர்டு" என்றோ "சால்டர்டு" என்றோ போட்டு, கூடவே ஸ்லாட் எதுவும் இல்லையென்றாலோ, வாங்கும் நாளில் எவ்வளவோ அவ்வளவுதான் கடைசிவரை. டிடிஆர்4, டிடிஆர்5 என்று மட்டும் இருந்து, ஒரு ஸ்லாட் காலி என்றும் தெரிந்தால் 8 வாங்கிப் பிறகு கூட்டலாம். அப்படிக் கூட்டும்போது இன்னொரு நன்மையும் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கு வேண்டிய நினைவகத்தையும் இதே ரேம்தான் கொடுக்கிறது. ஒரே ரேம் குச்சிக்குப் பதில் இரண்டு குச்சியாக இருந்தால் டேட்டா இரண்டு பாதையில் ஓடும், கிராஃபிக்ஸ் வேகம் நன்றாகவே கூடும்.

எஸ்எஸ்டி எவ்வளவு?

512 ஜிபி, என்விஎம்இ என்ற வேகமான வகை. 256 என்றாலும் பாதகமில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம். "இஎம்எம்சி" என்று போட்டிருந்தால் வேண்டாம், வேகமும் குறைவு, பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்துத்தான் வரும்.

ஒரே பிராசசர் உள்ள இரண்டு லேப்டாப், ஒன்று வேகம், ஒன்று மந்தம். எப்படி?

நல்ல கேள்வி. விளம்பரத்தில் இதற்குப் பதில் கிடைக்காது.

ஐ5-1235யு-வை 15 வாட் பிராசசர் என்கிறோம். ஆனால் அது சற்று நேரத்துக்கு 55 வாட் வரை இழுத்துக்கொள்ள இன்டெல் இடம் கொடுத்திருக்கிறது. எவ்வளவு வாட், எத்தனை விநாடி என்று முடிவு செய்வது லேப்டாப் தயாரிப்பவர். உள்ளே அகலமான செம்புக் குழாயும் நல்ல ஃபேனும் இருந்தால் அதிக வாட்டில் நீண்ட நேரம் ஓடவிடுவார்கள். மெலிதாக, மலிவாகச் செய்திருந்தால் சில விநாடிகளிலேயே சூடு எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் கடையில் இரண்டு நிமிடம் பார்க்கும்போது இரண்டும் பறக்கும். வீட்டில் ஒரு மணி நேர மீட்டிங்கில் ஒன்று மட்டும் தளரும்.

வாங்கும் முன் அந்தக் குறிப்பிட்ட மாடலின் விமர்சனத்தைத் தேடி, தொடர்ந்து அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார்களா, விசைப்பலகை எவ்வளவு சூடானது, ஃபேன் சத்தம் எப்படி என்று பாருங்கள். வாங்கியபின் மெத்தையின்மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். பல மெல்லிய லேப்டாப்புகள் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. துணி அந்த ஓட்டைகளை அடைத்துவிடும்.

ஃபேனே இல்லாத மாடல்கள்?

சத்தமே இருக்காது, தூசியும் சேராது. சிறுசிறு வேலைகளுக்கு அருமை. நீண்ட நேரம் பாரமேற்றினால் வேகம் குறையும்.

பழைய மேக்புக் ஏர் எம்1 வாங்கலாமா?

2020 நவம்பரில் வந்தது, 1.29 கிலோ, ஃபேன் இல்லை, பேட்டரி இன்றும் பல புது லேப்டாப்புகளுக்குச் சமமாக நிற்கும். நல்ல நிலையில் கிடைத்தால் இன்னும் நல்ல கருவிதான். ஆனால் மேக்கில் ரேம், எஸ்எஸ்டி இரண்டையுமே பிறகு கூட்ட முடியாது. 2024 அக்டோபரில்தான் ஆப்பிள் மேக்புக் ஏரின் குறைந்தபட்ச ரேமை 16 ஆக்கியது. அதற்கு முந்தையவற்றில் 8 ஜிபியே அதிகம் கிடைக்கும், 16 உள்ளதாகத் தேடிப் பிடியுங்கள். கூடவே, உங்கள் படிப்புக்கோ வேலைக்கோ விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்னாப்டிராகன் போட்ட விண்டோஸ் லேப்டாப்?

பேட்டரி நன்றாகத் தாங்கும், பையிலிருந்து எடுத்து மூடியைத் திறந்ததும் விழித்துக்கொள்ளும். இவை ஆர்ம் வகை, அதாவது போன்களில் இருக்கும் வகை பிராசசர்கள் என்பதால் வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களில் பலவற்றை மொழிமாற்றித்தான் ஓட்டும். பெரும்பாலானவை ஓடிவிடும். சிக்கல் வருவது டிரைவர் (கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) தேவைப்படும் இடங்களில்: பழைய பிரிண்டர், ஸ்கேனர், சில விபிஎன், தேர்வு எழுதும்போது போடச் சொல்லும் கண்காணிப்பு மென்பொருள். உங்கள் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் ஆர்மில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"ஏஐ லேப்டாப்" என்று கூடுதல் விலை சொல்கிறார்களே?

உள்ளே ஏஐ கணக்குகளுக்கென்றே என்பியு என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். கோபைலட்+ என்ற பெயரைப் போட்டுக்கொள்ள அந்தப் பகுதி விநாடிக்கு 40 டிரில்லியன் கணக்குகளைச் செய்ய வேண்டும், ரேம் 16 ஜிபி இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. நாம் பிரவுசரில் திறக்கும் ஏஐ சேவைகளோ பெரும்பாலும் தொலைவில் உள்ள சர்வரில் ஓடுபவை, அவற்றுக்கு இந்த என்பியு தேவையே இல்லை. அதற்காக மட்டும் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள். அதே விலையில் வந்தால் சரி.

"12 மணி நேரம் தாங்கும்" என்பதை நம்பலாமா?

மணி நேரத்தை விட்டுவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-மணி எண்ணைப் பாருங்கள். மலிவு மாடல்களில் 38, 42 வாட்-மணி இருக்கும். 50க்கு மேல் இருந்தால் நல்லது. சாதாரண வேலையில் லேப்டாப் சராசரியாக 7 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 42க்கு 6 மணி நேரம், 56க்கு 8 மணி நேரம். மீட்டிங், முழு வெளிச்சத் திரை என்றால் இழுப்பு இரண்டு மடங்காகும், நேரம் பாதியாகும். எடையைக் குறைத்துக் காட்ட சில மாடல்களில் பேட்டரியைச் சிறிதாக்கிவிடுவார்கள், எடையையும் வாட்-மணியையும் சேர்த்தே பாருங்கள்.

திரையில் என்ன கவனிக்க வேண்டும்?

ஐபிஎஸ் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), 1920க்கு 1080 அல்லது 1920க்கு 1200 புள்ளிகள், வெளிச்சம் 300 நிட்ஸ். மலிவு மாடல்கள் 250 நிட்ஸில் நின்றுவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்துக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும். நாள் முழுக்கக் கண் பார்ப்பது இந்தத் திரையைத்தான், ரேமுக்கு அடுத்து பணம் போட வேண்டிய இடம் இது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

பட்ஜெட் ரொம்ப இறுக்கம் என்றால் இதுதான் சிறந்த வழி என்பேன். அலுவலகங்களுக்கென்று செய்த லேப்டாப்புகள் உறுதியானவை, விசைப்பலகை நன்றாக இருக்கும், சில வருடங்களில் மொத்தமாக விற்பனைக்கு வரும்.

மூன்று விஷயம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11க்கு இன்டெலில் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும்தான் ஒத்துவரும். அதற்குக் கீழே விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள், லினக்ஸ் போடுபவரைத் தவிர. அப்புறம், பேட்டரி ரிப்போர்ட். விண்டோஸின் கட்டளைத் திரையில் ஒரே வரியில் எடுத்துவிடலாம். அதில் "டிசைன் கபாசிட்டி", "ஃபுல் சார்ஜ் கபாசிட்டி" என்று இரண்டு எண் வரும். முதலாவது 50, இரண்டாவது 30 என்றால் பேட்டரியில் 60 சதவீதம்தான் மிச்சம், புது பேட்டரிக்கான செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, மூடியின் கீல். மெதுவாகத் திறந்து பாதியில் கையை எடுங்கள், மூடி அங்கேயே நிற்க வேண்டும்.

வாங்கி வந்துவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கிப் போடாமல் வைத்துவிட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் திறந்து பிராசசரின் முழுப் பெயர் நீங்கள் பணம் கொடுத்த பெயர்தானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், கடைசி எழுத்து உட்பட. பிறகு டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதி. எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கே இருக்கும். திரையில் முழுக்கக் கறுப்புப் படம் ஒன்றும் முழுக்க வெள்ளைப் படம் ஒன்றும் வைத்து ஒளிப்புள்ளியோ கரும்புள்ளியோ ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். எல்லா போர்ட்டிலும் ஒரு பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். ஒரு மணி நேர வீடியோ காலைச் சார்ஜர் இல்லாமல் நடத்திப் பார்த்து, எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்து வையுங்கள். இதையெல்லாம் பொருளைத் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் நாட்கள் முடிவதற்குள் செய்துவிடுங்கள். அதுவரை பெட்டியும் பில்லும் பத்திரம்.